ஜெரலின் கையெழுத்துப் போடாத தாள்

ஜெரலின் மக்கினென் நாற்பத்தாறாவது வயதில் கல்யாணம் செய்துகொண்டாள். அதுவரை அவள் சண்டை போடாத ஆள் எங்கள் காகித ஆலையில் கிடையாது. மூன்றாம் எண் இயந்திரத்தில், பெரிய காகிதச் சுருளை வெட்டிச் சின்னச் சுருள்களாகச் சுற்றும் வேலையில், இருபத்திரண்டு வருடம் அவளோடு ஒரே ஷிப்டில் நின்றவள் நான். அந்தச் சண்டைகளில் கால்வாசி என்னோடு நடந்தவை.

சண்டை அவளுக்குப் பரம்பரைச் சொத்து. அவளுடைய அப்பா பின்லாந்துக்காரர்களின் பேரன். இரும்புச் சுரங்கத்தில் வேலை போனபோது தன் தம்பிதான் காட்டிக்கொடுத்தான் என்று நினைத்தவர், பதினொரு வருடம் அவனோடு ஒரு வார்த்தை பேசாமல் செத்தார். தம்பி இருந்தது அடுத்த வீட்டில். பனி வாரும்போது இரண்டு பேரும் ஒருவர் வாசலில் மற்றவர் பனியைத் தள்ளுவார்களாம். ஜெரலின் சின்னப் பெண்ணாக ஜன்னலில் நின்று இதைப் பார்த்து வளர்ந்தவள். ஆலைக்கு வந்த முதல் வருடம், "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன" என்று மேற்பார்வையாளர் ஒருவர் சொல்லிவிட்டார். அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். அவர் மன்னிப்புக் கேட்கும்வரை நாற்பது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

லைல் ட்ரெம்பத் இதற்கு நேர் எதிர். கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், சாலைத் துறையில் பனிவாரி வண்டிகளைப் பழுதுபார்க்கிற மெக்கானிக். யாரோடும் குரலை உயர்த்தமாட்டான். எதைக் கேட்டாலும் "சரி" என்பான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூட்டம் கூடும் மதுக்கடையில் அவளுக்கு உட்கார இடம் விட்டு, தான் எழுந்து நின்றான். அவள் வண்டியின் புகைக்குழாயைக் காசு வாங்காமல் மாற்றிக்கொடுத்தான். ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. ஜனவரி முதல் வாரத்தில், தெருவில் இடுப்பளவு பனி கிடக்க, தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் முப்பது பேர் முன்னால் கல்யாணம் நடந்தது. காபியும், இறைச்சியும் கிழங்கும் பொதிந்து சுட்ட பாஸ்டியும் கொடுத்தார்கள். அன்று ஜெரலின் யாரையும் திட்டவில்லை.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. லைலின் முதல் மனைவி நடீன் எங்கள் ஆலையின் சம்பளப் பிரிவில் இருந்தாள். விவாகரத்து நடந்து எட்டு வருடமாகியும் ட்ரெம்பத் என்ற பெயரை அவள் விடவில்லை. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். உள்ளங்கை அகலத் திறப்பு வழியாகத்தான் தாள் போகும், தாள் வரும். எனக்கு நடீனைப் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. ஆனால் நடந்ததை நடந்தபடிதான் சொல்ல வேண்டும்.

கல்யாணமான பதினைந்தாம் நாள் லைல் சொன்னான். "கல்யாணம் ஆயிடுச்சுன்னு ஆலைல எழுதிக் குடு. வரிக்குப் பிடிக்கிறது கொறையும். கைக்குக் கூட வரும்."

"நீயும் குடுப்பியா?"

"சரி."

அதற்கென்று இருக்கும் டபிள்யூ-ஃபோர் படிவத்தை நிரப்பிக்கொண்டு ஜெரலின் மதியம் ஜன்னலுக்குப் போனாள். பின்னால் ஆறேழு பேர் நின்றோம். நடீன் தாளை வாங்கினாள், மேலிருந்து பார்த்தாள், சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"பேரு தப்பு."

"என் பேரு எனக்குத் தெரியாதா?"

"ட்ரெம்பத்னு எழுதியிருக்கீங்க. உங்க சமூகப் பாதுகாப்பு அட்டைல மக்கினென்னுதான் இருக்கு. அட்டைல என்ன பேரோ அதுதான் இதுல வரணும்."

"மாத்தக் குடுத்திருக்கேன்."

"அட்டை வந்ததும் வாங்க." நடீன் அந்தப் பெயரின் மேல் அவசரமில்லாமல் ஒரு கோடு இழுத்தாள். "இந்த ஆபீஸ்ல ஏற்கெனவே ஒரு ட்ரெம்பத் நான் இருக்கேன். நாளைக்குக் குழப்பம் வரக்கூடாது பாருங்க."

ஜெரலினை அவள் எப்போதும் 'நீங்க' என்றுதான் அழைப்பாள். அந்த மரியாதை செருப்பைக் கழற்றிக் காட்டுவது போல இருக்கும். கொதிகலன் பிரிவில் வேலை பார்க்கும் ஓய்வா என்பவன் வரிசையின் கடைசியிலிருந்து, "ரெண்டு ட்ரெம்பத் அம்மா, நடுவுல ஒரு கண்ணாடி. நல்லவேளை கம்பெனி கண்ணாடி போட்டுச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஜெரலின் திரும்பி அவனைப் பார்த்தாள். ஓய்வா தன் பூட்ஸைப் பார்க்க ஆரம்பித்தான்.

மூன்று வாரத்தில் புது அட்டை வந்தது. இந்த முறை அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் தொழிற்சங்கத்தின் பிரதிநிதி. "சாட்சிக்கு வாடி" என்றாள். "அவ என்ன பேசுறான்னு நீ காதால கேக்கணும்."

படிவத்தில் பெரிய சிக்கல் எதுவுமில்லை. தனி ஆளா, கல்யாணமாகிக் கணவனும் மனைவியும் சேர்ந்து வரிக்கணக்குக் கொடுக்கிறவர்களா என்று கட்டங்கள் உண்டு. ஜெரலின் சேர்ந்து என்ற கட்டத்தில் பேனா கிழிக்கிற மாதிரி அழுத்திக் குறி போட்டிருந்தாள். நடீன் தாளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறார்."

"அது உனக்குத் தெரியாத விஷயமா?"

"அப்ப இந்தச் சின்னக் கட்டத்துலயும் குறி போடணும். ரெண்டு சம்பளம் வர்ற வீடு. போடலைன்னா, இந்த ஒரு சம்பளத்துலதான் வீடே ஓடுதுன்னு ரெண்டு வேலை இடத்துலயும் நெனைச்சுக் கம்மியாப் பிடிப்பாங்க. வருஷக் கடைசில பாக்கி வரி மொத்தமா வந்து நிக்கும்."

"அப்புறம்?"

"கீழே கூடுதல் பிடித்தம்னு ஒரு வரி இருக்கு. அதுல இருநூறு எழுதுங்க."

"எதுல இருநூறு?"

"ஒவ்வொரு சம்பளத்துலயும்."

எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம். ஜெரலின் சிரித்தாள். அவள் சிரிப்பது நல்ல சகுனமில்லை. "என் சம்பளத்துல வாரா வாரம் நூறு டாலரை நீ பிடிச்சு வச்சுக்கணும். நாங்க ரெண்டு பேரும் நல்லா இருந்தா உனக்கு அவ்வளவு வயிறு எரியுது."

"நான் வச்சுக்கறதில்ல. அரசாங்கத்துக்குப் போகுது."

"அவன் சம்பளத்தைப் பத்தி நீ கணக்குப் போட்ட காலம் முடிஞ்சுபோச்சு நடீன். எட்டு வருஷமாச்சு. யாரும் உனக்குச் சொல்லலையா?"

நடீனின் கழுத்து சிவந்தது. கண்ணாடித் திறப்புக்குப் பக்கத்தில் குனிந்தாள். "இதெல்லாம் நான் சொல்லக்கூடாது. சொல்றது என் வேலையும் இல்ல. ஆனா சொல்றேன். எழுதுங்க."

"நான் எழுதினதை ஏத்து. அதுதான் உன் வேலை."

"சரிங்க." நடீன் முத்திரை குத்தினாள்.

அன்று மாலையே ஜெரலின் புகார் கொடுக்க வேண்டும் என்றாள். அதை எழுதியது நான். ஊழியரின் சொந்த விஷயத்தில் தலையிட்டது, பழைய பகையை வேலையில் காட்டியது, அதிகமாகப் பிடித்தம் செய்யச் சொல்லி வற்புறுத்தியது என்று மூன்று பத்தி. நன்றாக வந்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் என் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் எடுத்த இரண்டு நாள் விடுப்புக்குச் சம்பளம் வெட்டியவள் நடீன். மேலாளர் விசாரித்தார். நடீன் ஒரு வார்த்தையும் மறுக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவளுடைய கோப்பில் ஏறியது.

அடுத்த சம்பளத்தில் ஜெரலினுக்குத் தொண்ணூற்றைந்து டாலர் கூடுதலாக வந்தது. சம்பளச் சீட்டை ஜன்னலுக்கு எதிரே, நடீன் பார்க்கும்படி, விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு நடந்தாள். ஒரு தடவை இல்லை, வருடம் முழுக்க. நடீன் தலையைத் தூக்கமாட்டாள்.

வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கோடையில் லைல் புது அலுமினியப் படகு வாங்கினான், அதற்குப் பெரிய மோட்டார் வைத்தான். மான் வேட்டைக் குடிலுக்குப் புதுக் கூரை போட்டான். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து என்று நான் ஒருமுறை கேட்டேன். "அவன் சம்பாதிக்கிறான், அவன் செலவு பண்றான். உனக்கென்ன?" என்றாள். அவனுடைய சம்பளச் சீட்டை அவள் பார்த்ததே இல்லை. காட்டச் சொன்னால் நம்பவில்லை என்றாகிவிடும் என்று நினைத்தாளாம். ஊரில் ஒருவரையும் நம்பாதவள் நம்புவதற்கென்று ஒரே ஒருவனைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

மறு பிப்ரவரியில் இரண்டு பேரும் வரிக்கணக்கு எழுதப் போனார்கள். சலவைக் கடைக்கு மேல் மாடியில் எல்வுட் பாஸ்கோ என்பவர் அந்த வேலை செய்கிறார். அங்கே நடந்ததை மறுநாள் ஜெரலின் என்னிடம் சொன்னாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தும் அவள் கத்தாமல் சொன்னாள். நான் அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டேன்.

பாஸ்கோ முதலில் அவளுடைய வருடச் சம்பளச் சான்றைத் தட்டி ஏற்றினார். பிறகு லைலுடையதை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"லைல், இதுல வரிப் பிடித்தம் சைபர்னு இருக்கு. கவுண்டில தப்பாப் போட்டுட்டாங்களா?"

லைல் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த, பாடம் செய்த ட்ரவுட் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லைல்."

"தப்பில்ல. நான் விலக்குன்னு எழுதிக் குடுத்தேன்."

பிடித்தமே வேண்டாம், விலக்கு என்று எழுத, போன வருடம் வரியே இல்லாமல் இருந்திருக்க வேண்டும், இந்த வருடமும் வராது என்ற நிலை இருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையன் கோடைக்கால வேலைக்குச் சேரும்போது எழுதுவது அது. ஐம்பது வயதில், முழுச் சம்பளம் வாங்குகிற மெக்கானிக், பொய் சொன்னால் குற்றம் என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு எழுதுவது அல்ல. வருடா வருடம் பிப்ரவரியில் அதைப் புதுப்பித்தும் கொடுத்திருக்கிறான்.

"ஏன்?" என்று கேட்டது ஜெரலின்.

"எப்படியும் கடைசில கட்டப் போறோம். முன்னாடியே எதுக்கு அவங்க கைல குடுக்கணும்? சேர்த்துக் கணக்குப் போட்டா உன்னோட பிடித்தம் தாங்கிரும்னு நெனைச்சேன்."

"என்னோடதையும்தான் நீ கொறைக்கச் சொன்னே."

"அது வேற."

பாஸ்கோ இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் காட்டினார். சேர்ந்து கொடுத்தால் கட்ட வேண்டியது எட்டாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த முழுத் தொகைக்கும் இரண்டு பேருமே பொறுப்பு, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவரைப் பிடிப்பார்கள். தனித்தனியாகக் கொடுத்தால் மொத்தம் ஏறக்குறைய அதேதான், ஆனால் அவளுடைய பங்கு இரண்டாயிரத்து முந்நூறு. மீதி அவனுடையது.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார். "லைல், நீங்க கொண்டுவந்த தாள்கள்ல வரித்துறைக் கடிதம் ஒண்ணு இருக்கு, முந்தின வருஷத்துப் பாக்கிக்குத் தவணை கட்டுறீங்களே, அது இன்னும் ஓடுதில்ல?"

அந்தத் தவணையை ஜெரலின் அப்போதுதான் கேள்விப்பட்டாள். பாஸ்கோ பேனாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தொடவில்லை. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கி, மைனஸ் இருபது குளிரில் இரண்டு மைல் நடந்தே வீட்டுக்குப் போனாள். லைல் வண்டியை அவள் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தானாம். அவள் ஏறவில்லை.

அதை என்னிடம் சொன்ன அன்றைக்கே, ஷிப்ட் முடிந்ததும், அவள் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் நடீனின் காருக்கு முன்னால் நின்றாள். நான் பத்தடி தள்ளி நின்றேன். நடீன் வந்தாள். சாவியை வெளியே எடுத்தாள். நகரச் சொல்லவில்லை.

"உனக்குத் தெரியும்" என்றாள் ஜெரலின்.

"தெரியும்." கண்ணாடி இல்லாத இடத்தில் 'நீங்க' போய்விட்டது. "என் கூட இருந்தப்பவும் அதையேதான் பண்ணினான். மூணு வருஷம் நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். சம்பளப் பிரிவுல வேலை பாக்குறவ, வீட்டுத் தாளைப் படிக்கல. விவாகரத்துக்கு அப்புறமும் வரித்துறைக்காரன் என்னைத்தான் தேடி வந்தான். என் அம்மா குடுத்த நிலத்தை வித்துக் கட்டினேன்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேன். நீ என் மேல புகார் எழுதினே." என்னைக் காட்டினாள். "இவ எழுதினா. அழகா எழுதியிருந்தா."

"இருநூறு எழுதுன்னு சொன்னே. அவன் கள்ளன்னு சொல்லல."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

ஜெரலின் யோசித்தாள். "மாட்டேன்."

"பின்ன என்ன. காரை விட்டு நகரு. எனக்குக் குளிருது."

நான்தான் குறுக்கே பேசினேன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுக்கச் சொல்கிறேன் என்றேன். நடீன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வருஷம் அது அங்க கெடந்திருக்கு. அதனாலதான் எனக்குப் போன இலையுதிர்ல சம்பள உயர்வு நின்னுச்சு. இப்ப அதை எடுத்து நீ என்ன பண்ணப் போறே, ஃப்ரேம் போட்டுச் சுவத்துல மாட்டிக்கப் போறியா?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கடிதத்தை எடுக்க வைத்தேன். உயர்வு திரும்ப வரவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அந்த வீட்டில் போர் நடந்தது. சேர்ந்து கொடுக்கும் வரிக்கணக்குத் தாளை லைல் சமையல் மேசையில் வைத்தான். அவள் அதன் மேல் காபிக் கோப்பையை வைத்தாள். அவன் அதைத் துடைத்து ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினான். அவள் பால் எடுக்கும்போது அந்தக் கதவை இன்னும் பலமாகச் சாத்தினாள். கத்தத் தெரியாதவன் என்று அவள் நினைத்தவன் கத்தவும் செய்தான்.

"பொண்டாட்டின்னா கூட நிக்கணும்."

"எங்க நிக்கணும்? உன் படகுலயா?"

"படகுல நீயும்தானே உக்காந்து வந்தே."

உட்கார்ந்து வந்தது உண்மை. ஏரியில் மீன் பிடித்து வறுத்துத் தின்றதும் உண்மை. கோபத்தைவிட அவமானம்தான் அவளை அதிகம் வதைத்தது. ஆலை முழுக்க ஆட்டிக் காட்டியிருந்தாளே, அந்தச் சம்பளச் சீட்டை.

மார்ச் கடைசியில் அவன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். "உனக்கும் நடீனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டு பேருமே காசுப் பேய்ங்க."

"அவ கையெழுத்துப் போட்டா. நான் போடமாட்டேன்."

"அப்ப நான் இங்க எதுக்கு இருக்கேன்?"

"அதைத்தான் நானும் ஆறு வாரமா யோசிக்கிறேன்."

ஏப்ரல் முதல் வாரத்தில் அவள் தனியாகப் பாஸ்கோவிடம் போனாள். தனித் தாக்கல் என்று எழுதச் சொல்லி, தன் பங்கு இரண்டாயிரத்து முந்நூறையும் ஒரே காசோலையில் கட்டினாள். அந்தத் தாளில் மட்டும்தான் கையெழுத்துப் போட்டாள். ஏரியில் பனிக்கட்டி உடைந்த வாரம் லைல் படகை வண்டியில் கட்டிக்கொண்டு தெற்கே தன் அண்ணன் வீட்டுக்குப் போனான். விவாகரத்து முடிய இன்னும் ஒரு வருடமாயிற்று. அவன் அங்கேயும் ஒரு வேலையில் சேர்ந்தான். அவன் சம்பளத்திலிருந்து வரித்துறை நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது என்று ஓய்வா சொன்னான். ஓய்வா சொல்வதில் பாதிதான் உண்மை இருக்கும்.

அவன் போன மறுநாள் ஜெரலின் புதுப் படிவம் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். தனி ஆளும், கல்யாணமாகித் தனியாகக் கணக்குக் கொடுப்பவரும் ஒரே கட்டம்தான். அதில் குறி போட்டிருந்தாள். நடீன் வாங்கினாள்.

"பேரு ட்ரெம்பத்னே இருக்கட்டுமா?"

"அட்டைல அதுதான் இருக்கு. அடுத்த வருஷம் மாத்துவேன்."

"மாத்தினதும் வாங்க."

முத்திரை விழுந்தது. ஒருவனால் ஏமாந்த இரண்டு பெண்கள் கடைசியில் தோழிகளாகிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. உணவுக் கூடத்தில் ஒருத்தி வந்தால் மற்றவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். ஜெரலினுக்கு நடீனைப் பார்த்தால் தன் முட்டாள்தனம் நினைவு வந்தது. நடீனுக்கு என்ன நினைவு வந்ததோ, அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் நிர்வாகம் சம்பளப் பிரிவை வேறு மாநிலத்திலுள்ள தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டது. இனி எல்லாம் கணினியில் நாங்களே நிரப்ப வேண்டும். நடீனின் கடைசி நாளில் உணவுக் கூடத்தில் கேக் வெட்டினார்கள். ஜெரலின் வரமாட்டேன் என்று இயந்திரத்தை விட்டு நகரவில்லை. நான் போனேன். நடீன் கையாலேயே எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தாள். என் முறை வந்தபோது தட்டில் ஒரு துண்டை வைத்து, என் தலைக்கு மேலே பார்த்தபடி நீட்டினாள்.

திரும்பி வந்தேன். ஜெரலின் கையுறையைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கேக் எப்படி இருந்துச்சு?"

"காஞ்சு போயிருந்துச்சு."

"நல்லது" என்று சொல்லி, அடுத்த சுருளை ஏற்றினாள்.